‘பச்ச’ என்ற சிறுமிக்கு நான் இட்ட தவறுக்குறி

சற்று நீண்ட பதிவு, பொறுமையுள்ளவர்கள் வாசிக்கலாம். சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் நிறங்களின் பெயர்களைக் கற்பிப்பது பற்றியது. ‘ரெட், ப்ளூ, கிரீன், யெல்லோ, இதில் எழுத என்ன இருக்கிறது’ என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். தொடக்கநிலை ஆங்கிலக் கற்பித்தல் குறித்த என் முனைவர் பட்ட ஆய்வின் முன்வரைவில் நிறங்களுக்கு நான் ஒதுக்கிய இடம் அரைப் பக்கம். எல்லாக் குழந்தைகளும் எளிதில் தேறிவிடுவார்கள், கடினமான பகுதிகளுக்குள் நுழையும் முன் அவர்களுடைய கூச்சம் தெளிய உதவும் என்பது என் கணக்கு.

ஆய்வுக் களம் ஐதராபாத்தின் புறநகரில் உள்ள ஓர் அரசு தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையின் பொறுப்பில் நடக்கின்றன. பிள்ளைகளின் வீட்டு மொழிகள் தெலுங்கு, தக்கணி உருது, லம்பாடி, கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் இந்தி, ஒடியா என்று நீளும். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். எனக்குத் தெரிந்த தெலுங்கு விடுதியிலும் பேருந்திலும் பழகியது.

கையில் வண்ண அட்டைகள், மடியில் மதிப்பீட்டுப் படிவம். ஒவ்வொரு குழந்தையிடமும் அட்டையைக் காட்டி, அதன் நிறத்தை முதலில் வீட்டு மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்க வேண்டும். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் மஞ்சள் அட்டையை நீட்டினேன். “பச்ச” என்றாள். அடுத்துப் பச்சை அட்டை. அதற்கும் “பச்ச”. ஆங்கிலத்தில் கேட்டபோது இரண்டுக்கும் “கிரீன்”. மஞ்சளுக்கு நேரே பெருக்கல் குறி இட்டேன். ‘மஞ்சளையும் பச்சையையும் பிரித்தறியவில்லை, கண் பரிசோதனை தேவைப்படலாம்’ என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அன்று மதிய உணவு வேளையில் சமையல் செய்யும் ஆயம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகப் பள்ளிக்கு வராத பையன் ஒருவனுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டேன். “பச்ச காமெர்லு” என்றார். நம் ஊர் மஞ்சள் காமாலைதான். காமாலையும் காமெர்லுவும் ஒன்று என்பது உடனே விளங்கியது. ‘பச்ச’ என்பது மட்டும் உறுத்தியது. காமாலை கண்டவனின் கண் மஞ்சளிக்குமே தவிரப் பச்சையாகாதே! பச்ச என்றால் எந்த நிறம் என்று கேட்டேன். இது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்துவிட்டு, கொதிக்கும் பருப்பைக் கரண்டியால் காட்டி “இது பச்ச” என்றார். தட்டில் இருந்த கறிவேப்பிலையைக் காட்டி “அதுவும் பச்சதான், ஆக்கு பச்ச” என்றார். அப்படியென்றால் பருப்பு? “பசுப்பு பச்ச.”

ஆக்கு என்பது இலை. பசுப்பு என்பது மஞ்சள் கிழங்கு. இலைப் பச்ச, மஞ்சள் பச்ச. பாடநூல் தெலுங்கில் இவை ஆக்குபச்ச, பசுப்பு என்று பிரிந்தே நிற்கும். பள்ளிக்குப் பழகிய பிள்ளைகளும் அப்படியே சொல்வார்கள். ஆனால் பாட்டியிடம் வளர்ந்த குழந்தையின் வாயில் ‘பச்ச’ என்ற ஒரு சொல் இரண்டு நிறங்களையும் அணைத்துக்கொள்கிறது. தேவை வரும்போது முன்னொட்டு ஒன்று சேர்ந்து பிரித்துக் காட்டுகிறது. அந்தச் சிறுமி நிறங்களைப் பிரித்தறியாதவள் அல்லள். அவளிடம் இருந்த சொல்லின் எல்லை என் சொல்லின் எல்லையைவிட அகலமானது. ஆங்கிலத்தில் அவள் செய்ததும் முறையானதே: பச்ச என்றால் கிரீன் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்; மஞ்சள் அட்டையும் பச்ச; ஆகவே கிரீன். தருக்கத்தில் பிழையில்லை. கற்பித்த சமன்பாட்டில்தான் பிழை.

எனக்கு மிகவும் வெட்கம் தந்தது வேறொன்று. என் தெலுங்கு அரைகுறை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்; என் தமிழ் அப்படியல்லவே. ‘பசும்பொன்’ என்கிறோம். எந்தப் பொன் பச்சையாக இருக்கிறது? பிரிவால் தலைவியின் மேனியில் படரும் பசலையைச் சங்கப் பாடல்கள் பொன்னிறமாகவும் பீர்க்கம்பூ நிறமாகவும் காட்டுவதை இளங்கலையிலேயே படித்திருக்கிறேன். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைத் திறந்தால் தமிழின் பச்சையும் பசுமையும் தெலுங்கின் பச்சவும் பசுப்பும் ஒரே பதிவின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ் அந்த வேரைப் பச்சையின் பக்கம் ஒதுக்கி, நிறத்துக்குக் கிழங்கின் பெயரான மஞ்சளை வைத்துக்கொண்டது. தெலுங்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. சிறுமி சொன்னது என் மொழியும் ஒருகாலத்தில் சொன்னதுதான்.

நிறப்பெயர்களைப் பற்றிப் பேசும் எவரும் பெர்லின், கே ஆகிய இருவரின் 1969ஆம் ஆண்டு நூலைத் தொடாமல் கடக்க முடியாது. எல்லா மொழிகளும் கருப்பு, வெள்ளை, சிவப்பு என்று ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் அடிப்படை நிறப்பெயர்களைப் பெறுகின்றன, ஆங்கிலத்தில் அவை பதினொன்று என்பது அவர்கள் வாதம். பின்னால் அது பலவாறு திருத்தப்பட்டது. பச்சையும் நீலமும் ஒரே சொல்லில் அடங்கும் மொழிகள் ஏராளம். மஞ்சளும் பச்சையும் ஒரே சொல்லில் அடங்குவது அரிது. அந்த அரிய வகையைச் சேர்ந்த ஒரு சொல் ஐதராபாத்தின் பள்ளிச் சமையற்கட்டில் புழங்குகிறது. நாங்களோ அதைப் பிழையென்று திருத்திக்கொண்டிருக்கிறோம். ரஷ்ய மொழியில் அடர்நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள் உண்டு. இரண்டையும் ‘ப்ளூ’ என்று சொல்லும் ஆங்கிலேயக் குழந்தையை ரஷ்ய ஆசிரியர் ஒருவர் கண் மருத்துவரிடம் அனுப்பினால் நாம் சிரிப்போம். நான் செய்யவிருந்ததும் அதுவேதான்.

இனி, இந்தப் பாடம் எளிது என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். டார்வின் தம் குழந்தையின் வளர்ச்சி பற்றி 1877இல் எழுதிய கட்டுரையின் ஜெர்மன் வடிவத்தில் ஒரு செய்தி வருகிறது. பொருள்களின் பெயர்களையெல்லாம் அறிந்த தம் பிள்ளைகளுக்குப் படங்களில் உள்ள நிறங்களின் பெயர்கள் மட்டும் பலமுறை சொல்லிக்கொடுத்தும் பிடிபடவில்லை; அவர்களுக்கு நிறக்குருடு என்றே அவர் அஞ்சினார்; பிறகு அது வீண் அச்சம் என்று தெரிந்தது. இன்றைய குழந்தைகள் முன்னதாகவே நிறப்பெயர்களைக் கற்கிறார்கள் என்றாலும், தாய்மொழியிலேயே மூன்று நான்கு வயது வரை தடுமாறுவது இயல்பு. 1978இல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் வெளியிட்ட ஆய்வில், மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் நீலத் தட்டு வேண்டாம், ‘குரோமியம்’ தட்டை எடுத்து வா என்று ஒருமுறை சொன்னார்கள். தட்டின் நிறம் ஆலிவ் பச்சை. அந்த ஒரு தடவையிலேயே பல பிள்ளைகள் அது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்று கண்டுகொண்டனர். ஆனால் அது எந்த நிறம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிடிபட நெடுநாள் ஆயிற்று. முதற்பாதி விரைவு, மறுபாதி மெதுவு. நம் மதிப்பீட்டுப் படிவங்கள் முதற்பாதியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஏன் கடினம்? பந்து என்று சொன்னால் உருண்டையான ஒரு பொருள் கையில் கிடைக்கிறது. சிவப்பு என்று சொன்னால் எதை எடுத்துக் கொடுப்பது? நிறம் தனியாக வருவதில்லை. எதன்மீதோ ஒட்டிக்கொண்டே வருகிறது. மேலும் அது முடிவே தெரியாத ஒரு பட்டை. செம்மண்ணும் செங்கல்லும் மிளகாய்ப்பழமும் குங்குமமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவற்றையெல்லாம் ஒரு சொல்லுக்குள் அடக்கவும், ஆரஞ்சை மட்டும் வெளியே நிறுத்தவும் குழந்தை கற்கவேண்டியிருக்கிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதைக் கண் சொல்லாது. அந்த மொழியைப் பேசும் மக்களின் பழக்கம்தான் சொல்லும். அந்த மக்கள் குழந்தையைச் சுற்றி இல்லாத இடத்தில், அட்டையில் உள்ள ஒரேயொரு சதுரம் அந்தப் பழக்கம் முழுவதையும் எப்படிக் கடத்தும்?

கடத்தவில்லை என்பதை அதே வகுப்பில் கண்டேன். ‘ரெட் ஆப்பிள்’ என்ற தொடரைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். தண்ணீர்க் குடத்தருகே இருந்த சிவப்பு வாளியைக் காட்டி நிறம் கேட்டபோது, ஒரு பையன் நம்பிக்கையோடு “ரெட்டாப்பிள்” என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஒரே சொல். மைக்கேல் ராம்ஸ்கரும் உடன்பணியாற்றியவர்களும் 2010ஐ ஒட்டி ஆங்கிலக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் இங்கே உதவுகின்றன: நிறப்பெயர் பொருளின் பெயருக்கு முன்னால் வருவதைவிட, ‘இந்தப் பந்து சிவப்பு’ என்பதுபோல் பின்னால் வரும்போது குழந்தை அதை நன்றாகக் கற்கிறது. பொருளை முதலில் பிடித்துக்கொண்ட பிறகு கவனம் நிறத்தின்மீது செல்கிறது. நம் பாடல்களும் அட்டைகளும் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றன. ஒரு பைசா செலவில்லாமல் நாளைக் காலையே மாற்றக்கூடியது இது. ஆசிரியப் பயிற்சிகளில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

அட்டைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். பழத்தைக் காட்டி ஆரஞ்சு நிறம் என்கிறார்கள். ஐதராபாத் பிள்ளைகள் அன்றாடம் காணும் பழம் பத்தாயி, அதாவது நம் சாத்துக்குடி. நல்கொண்டாத் தோட்டங்களிலிருந்து வந்து சாலையோரம் குவியும் அதன் தோல் பச்சையும் மஞ்சளுமாகவே இருக்கும். வெப்ப நாடுகளில் கமலாப்பழமும்கூடப் பழுத்தபின் பச்சையோடியே கிடக்கும். தோலின் பச்சையம் மறைவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அட்டையில் ஆட்டுக்குட்டி வெள்ளை. தெலங்கானாவின் தக்காணி ஆடோ கருப்பு. அதன் ரோமத்தில் நெய்த கருங்கொங்கடிக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மேய்ப்பவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். கருப்பாட்டைப் பற்றிய ஆங்கிலப் பாட்டைப் பாடவைத்துவிட்டு வெள்ளையாட்டின் படத்தைக் காட்டினால் அவர்கள் எதை நம்புவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், ‘ஆரஞ்சு’ என்ற சொல்லே இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. நம் நாரத்தையின் உறவான ஒரு திராவிடச் சொல் சமஸ்கிருதத்தில் நாரங்கமாகி, பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா சென்று, பழத்தின் பெயராக ஆங்கிலத்தில் நுழைந்தது என்பதே பெரும்பாலான மொழியியலார் கருத்து. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆங்கிலத்தில் அது நிறத்தின் பெயராகவே இல்லை. அதனால்தான் நெஞ்சு ஆரஞ்சு நிறமாக இருக்கும் அந்த நாட்டுச் சிறுகுருவிக்குச் ‘செந்நெஞ்சு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலமும் பொருளின் பெயரைக் கடன்வாங்கித்தான் நிறத்துக்குச் சூட்டியது. கோதுமையைக் கொண்டு பழுப்பையும், சாம்பலைக் கொண்டு சாம்பல் நிறத்தையும் சொல்லும் தெலுங்குப் பாட்டி செய்வதும் அதையேதான். ‘நாரிஞ்ச’ என்று சொல்லும் குழந்தைக்கு ‘ஆரஞ்சு’ அந்நியச் சொல் அன்று. ஊருக்குத் திரும்பி வந்த உறவினர். அப்படி அறிமுகப்படுத்திய ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வண்ணக்குச்சிப் பெட்டியில் ஒரு குச்சி இருக்கிறது, வெளிறிய இளஞ்சிவப்பு. எங்கள் வகுப்பில் அதன் பெயர் ‘ஸ்கின் கலர்’. வகுப்பிலுள்ள எந்தத் தோலின் நிறமும் அதுவன்று. தன் அம்மாவை வரைந்த சிறுமி அந்தக் குச்சிக்காகக் காத்திருந்து, கிடைத்ததும் பூசினாள். அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் இதையொத்த குச்சிக்கு இட்டிருந்த ‘சதை’ என்ற பெயரை 1962இலேயே நீக்கிவிட்டது. நாம் ஆங்கிலத்தோடு சேர்த்து அவர்கள் கைவிட்டதையும் எடுத்துக்கொள்கிறோம். இது தனிப் பதிவுக்குரிய செய்தி, இங்கே நிறுத்துகிறேன்.

உண்மையிலேயே கண்ணில் குறையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிவப்பு-பச்சை நிறக்குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடமே மிகுதி. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேருக்கு உண்டு. இந்திய ஆய்வுகளில் இதைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. எனினும் பெரிய வகுப்பொன்றில் ஒரு பையன் இருக்க வாய்ப்புண்டு. அவன் முறைவைத்துத் தவறு செய்வான். சோம்பேறி என்று பெயர் வாங்குவான். மொழியால் வேறுபடும் குழந்தையையும் கண்ணால் வேறுபடும் குழந்தையையும் கவனக்குறைவான குழந்தையையும் ஒரே பெருக்கல் குறிக்குள் போட்டுவிடுகிறது நம் படிவம். மூவருக்கும் தேவைப்படுபவை வெவ்வேறு.

இவ்வளவும் சொன்னதால் நான் ஆங்கிலவழிக்கு எதிரானவள் என்று கருதிவிட வேண்டாம். தெலங்கானா அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் ஆங்கிலவழி ஒன்றாம் வகுப்பிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. மற்றப் பாடங்களின் நூல்கள் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சிடப்பட்டன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இயன்ற அளவு தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை முடிந்த இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழி வேண்டும் என்கிறது. இவற்றை எடுத்துக்காட்டி ஆங்கிலவழியைக் குறை கூறுபவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்பவர். அந்த வீட்டுக் குழந்தைகள் மூன்று வயதில் ஆங்கிலத்தில் நிறங்களைச் சொல்வதைத் தினமும் கேட்பவர். அவருக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவர் மகளுக்கு ஆங்கிலம் கிடைத்தாக வேண்டும். அதற்கு விலையாக, வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சொல் தவறு என்று முதல் மாதத்திலேயே அவளிடம் சொல்லவேண்டியதில்லை என்பதே என் வாதம்.

ஆசிரியையிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “மேடம், ஜூலைக்குள் நிறங்கள் முடிந்தன என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்வதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?” நியாயமான கேள்வி. இரண்டு வகுப்புகள், ஒரு கரும்பலகை, மதிய உணவுக் கணக்கு, இணையவழி வருகைப்பதிவு ஆகியவற்றுக்கு நடுவே நிற்பவரிடம் சொல்லின் எல்லைகளைப் பற்றி நான் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். ஆயினும் வழி காட்டியது அவர்தான். “நிறம்தானே? பதுகம்மா வரட்டும்” என்றார்.

அறியாதவர்களுக்கு: பதுகம்மா தெலங்கானாவின் பூத்திருவிழா, மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள். தாம்பாளத்தில் பூக்களை வட்டவட்டமாக அடுக்கிக் கோபுரமாக எழுப்பி, சுற்றி நின்று பெண்கள் பாடி ஆடுவார்கள். உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மா. பள்ளிகளில் தசரா விடுமுறைக்கு முன்பே ஒருநாள் கொண்டாடிவிடுவார்கள். தங்கேடு, அதாவது ஆவாரம்பூ, மஞ்சள். அதுவே மாநிலப் பூவும்கூட. குனுகுப்பூ, நம் பண்ணைக்கீரைப் பூ, வெளிர்நிறக் கதிர். அதன் நுனியைச் சாயத்தில் தோய்த்துச் சிவப்பாகவும் ஊதாவாகவும் நீலமாகவும் ஆக்கிக்கொள்வார்கள். பந்திப்பூ என்னும் துலுக்கச் சாமந்தி மஞ்சளிலும் ஆரஞ்சிலும் வரும். எதை எந்த அடுக்கில் வைப்பது என்பதில் ஆறு வயதுக் குழந்தைக்கும் உறுதியான கருத்து உண்டு.

அந்த ஆண்டு நிறப்பாடம் பூக்குவியலின் முன்னால் நடந்தது. முதல்நாள் ஆங்கிலமே இல்லை. பிள்ளைகள் பூக்களைப் பிரித்தார்கள், தத்தம் மொழியில் பெயர் சொன்னார்கள், சண்டையிட்டார்கள். தங்கேடும் இலையும் ஒரே குவியலா, இரண்டா என்று தொடங்கிய வழக்கில் என் ‘பச்ச’ச் சிறுமி தெளிவாகத் தீர்ப்புச் சொன்னாள்: இரண்டும் பச்ச, ஆனால் வேறு பச்ச. தக்கணி பேசும் பையன் ஒருவன் குறுக்கிட்டு, ஒன்று பீலா, மற்றது ஹரா, அதெப்படி ஒன்றாகும் என்றான். எனக்கு மெய்சிலிர்த்தது. யெல்லோ, கிரீன் என்ற பிரிவு அவனுக்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அவளுக்கோ அவள் சொல்லையே நடுவில் பிரித்துக் காட்டவேண்டும். ஒரே அறை, ஒரே அட்டை; ஆனால் பாடம் இரண்டு.

மறுநாள் ஆசிரியை இரண்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்டுவந்தார். ஆக்கு பச்சவை ஆங்கிலக்காரர்கள் கிரீன் என்பார்கள், பசுப்பு பச்சவை யெல்லோ என்பார்கள், அவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது என்றார். “பாவம்” என்றது ஒரு குரல். அடுக்கு வைக்கும்போது ‘இந்தப் பூ யெல்லோ’, ‘இந்த இலை கிரீன்’ என்று பொருளை முன்னும் நிறத்தைப் பின்னும் வைத்தே பேசினார். பிள்ளைகளின் கவனம் கோபுரம் சரியாமல் இருப்பதில் இருந்தது. சொற்கள் அந்த வேலையின் ஊடே போய்ச் சேர்ந்தன. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம், மொழியில் அன்றிச் செயலில் கவனம் இருக்கும்போதே மொழி உள்ளே இறங்குகிறது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. ஆசிரியை அதைப் படித்தவரல்லர். தேவையும் இருக்கவில்லை.

எல்லாரும் எல்லா நிறங்களையும் கற்றுவிட்டார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. ஊதாவும் சாம்பலும் ஆண்டு முடிவிலும் குழம்பியே கிடந்தன. ரெட்டாப்பிள் பையன் நெடுநாள் ரெட்டாப்பிளாகவே இருந்தான். சாயமிட்ட குனுகுப்பூவில் சிவப்பையும் இலைப்பச்சையையும் மாற்றி மாற்றி எடுத்த இன்னொரு பையனைக் கண் மருத்துவ முகாமுக்கு அனுப்பினோம், இந்தமுறை காரணத்தோடு.

நான் கேட்பது பெரிதன்று. நிறங்களை ஜூன், ஜூலையிலிருந்து அந்தந்த ஊரில் நிறங்கள் வீதிக்கு வரும் பருவத்துக்குத் தள்ளிவைக்கும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும். கேரளத்தில் ஓணப் பூக்களம், வடக்கே ஹோலி என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று உண்டு. மதிப்பீட்டுப் படிவத்தில் சரி, தவறு ஆகிய இரண்டு கட்டங்களோடு ‘குழந்தை சொன்ன சொல்’ என்று மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். அதில் ‘பச்ச’ என்று எழுதியிருந்தால், மேற்பார்வைக்கு வரும் அலுவலர் எவருக்காவது அதன் பொருள் உடனே தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. என் ஆய்வுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிட்டேன். பழைய தாளில் பெருக்கல் குறியை அடிக்காமல் அதன் அருகே தேதியிட்டு ‘பசுப்பு பச்ச’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வேட்டின் அரைப் பக்கம் இப்போது ஓர் இயலாகிவிட்டது. நெறியாளருக்கு அதில் முழு உடன்பாடில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நண்பர்களிடம் ஓர் உதவி. உங்கள் அண்டைவீட்டு முதியவர்களிடம் மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு ஆகியவற்றுக்கு அவர்கள் வீட்டில் புழங்கும் பெயர்களைக் கேட்டு, மொழியும் ஊரும் குறித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பாடநூல் பெயர்கள் வேண்டாம். லம்பாடியிலும் ஒடியாவிலும் என்னிடம் மிகக் குறைவாகவே இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஆசிரியையிடம் ஒரு பட்டியலாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.